அண்ணன் போட்டுக் காட்டாத உருளை

என் அண்ணனுக்குக் காதுதான் சோறு போடுகிறது. காது மெஷின் விற்கும் கடையில் வேலை. கண்ணாடி போட்ட ஒரு சின்ன அறைக்குள் ஆட்களை உட்கார வைத்து, தலையில் ஹெட்போனை மாட்டிவிட்டு, வெளியே பொத்தானை அழுத்திக்கொண்டு, "கேக்குதா? இப்ப கேக்குதா? இது?" என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை கேட்டுக்கொண்டே இருப்பான். சத்தம் கேட்டால் விரலைத் தூக்க வேண்டும். வருகிற பெரியவர்களில் பாதிப் பேர், கேட்காவிட்டாலும் மானத்துக்குப் பயந்து விரலைத் தூக்கிவிடுவார்கள். அண்ணனிடம் அது நடக்காது. "பெரியவரே, நான் இன்னும் பொத்தானையே அழுத்தலையே" என்பான். முகத்தைப் பார்த்தே யாருக்குக் கேட்கிறது, யார் நடிக்கிறார்கள் என்று சொல்லிவிடுகிற கெட்டிக்காரன்.

அப்பேர்ப்பட்ட காது நிபுணன் வீட்டு வாசற்படி ஏறியதும் டமாரச் செவிடு ஆகிவிடுவான். பெண்டாட்டி கரடியாய்க் கத்தினாலும் விழாது. எப்படி விழும்? வீட்டுக்குள்தான் செத்துப்போனவர்கள் எல்லோரும் வரிசையாகப் பாடிக்கொண்டிருக்கிறார்களே, அவர்களைக் கவனிக்க வேண்டாமா?

தெருவில் அவனுக்குப் புனல் என்று பேர். ஒரு மழை நாளில் எங்கேயோ ஒரு கிராமபோன் புனல் கிடைத்தது என்று, போட்டிருந்த சட்டையைக் கழற்றி அதற்குப் போர்த்திவிட்டு, இவன் வெறும் பனியனோடு நனைந்துகொண்டே தெரு முழுக்க நடந்து வந்தான். அதற்கப்புறம் ஒரு வாரம் காய்ச்சல். புனலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. பால்காரர் வரை "புனல் சார் வீடு" என்றுதான் சொல்லுவார். அவனுக்கு அதில் பெருமை வேறு.

அவன் வீட்டு முன்னறையைப் பார்க்க வேண்டுமே! அங்கே முன்பு ஒரு சோபா இருந்தது. இப்போது இல்லை. சாப்பாட்டு மேசை இருந்தது, அதன் மேல் இப்போது கைப்பிடி சுற்றுகிற கிராமபோன்கள் நிற்கின்றன. சாப்பிடுகிறவர்கள் சமையலறையில் நின்றுகொண்டு சாப்பிட்டுக்கொள்ள வேண்டியதுதான். அலமாரி நிறைய இசைத்தட்டுகள். ஜன்னலைத் திறக்கக் கூடாது, தூசி வரும். ஃபேன் போடக் கூடாது, சத்தம் வரும். நடுவில் தும்மினால் முடிந்தது கதை, மறுபடி முதலிலிருந்து போடுவான். விருந்தாளி என்று யாராவது தெரியாத்தனமாக வந்துவிட்டால், அவர்களைப் பெஞ்சில் உட்கார வைத்து, கைப்பிடியைச் சுற்றி, ஊசியை வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வான். முதலில் வாணலியில் எதையோ வறுக்கிற சத்தம் வரும். அந்த வறுவலுக்குப் பின்னால், கிணற்றுக்குள் விழுந்த யாரோ ஒருத்தர் காப்பாற்றச் சொல்லிக் கேட்காமல் பாட்டுப் பாடுவார். மூன்று நிமிஷத்தில் தட்டு தீர்ந்துவிடும். "என்ன உயிர் பாத்தீங்களா!" என்பான். வந்தவர்கள் வேர்வையைத் துடைத்துக்கொண்டே "ஆமா ஆமா" என்று எழுந்திருப்பார்கள். "உக்காருங்க, பின்பக்கம் இருக்கு" என்பான்.

நான் அவன் தங்கை. அவன் மாடி வீட்டுக்கு நேர் கீழே எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. என் தொழில்மேல் அண்ணனுக்கு ஒரு இளக்காரம் உண்டு. "நகல் எடுக்கறவளுக்கு அசலைப் பத்தி என்ன தெரியும்?" என்பான். ஊரே அசலைப் பத்திரமாகப் பூட்டி வைத்துவிட்டு நகலை வைத்துத்தான் பிழைப்பு நடத்துகிறது என்று சொல்லிப் பார்த்தேன். காதில் போட்டுக்கொண்டால்தானே?

இவ்வளவு பேசுகிற நானும் ஒரு தடவை மாட்டிக்கொண்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு மத்தியானம் மேலே போயிருந்தபோது ஏதோ ஒரு தட்டைப் போட்டான். எந்த ஊர் மொழியோ, யாரோ ஒரு பெண். அழுவது போல ஒரு பாட்டு. பாட்டு முடிந்தது. ஊசி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அப்போது அந்தப் பெண் அப்பாடா என்று ஒரு மூச்சு விட்டு, லேசாகச் சிரித்தாள். அவ்வளவுதான். பாட்டைத் தப்பில்லாமல் முடித்துவிட்ட நிம்மதி போலிருக்கிறது. என் கையில் மயிரெல்லாம் நட்டுக்கொண்டது. நூறு வருஷத்துக்கு முந்தி விட்ட மூச்சு, என் முழங்கைக்குப் பக்கத்தில் வந்து விழுந்த மாதிரி இருந்தது. ஃபோட்டோவில் செத்தவர்களைப் பார்த்திருக்கிறேன், அவர்கள் செத்தவர்களாகவேதான் இருப்பார்கள். இவள் அப்படி இருக்கவில்லை. ஏன் உலகத்தில் இத்தனை பைத்தியங்கள் இந்தத் தகர டப்பாக்களைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள் என்று அந்த ஒரு நிமிஷம் எனக்குப் புரிந்துபோயிற்று. அதை முகத்தில் காட்டியதுதான் நான் செய்த முட்டாள்தனம். "பாத்தியா, பாத்தியா!" என்று குதித்தான். அதற்கப்புறம் என்னைக் கண்டாலே ஒரு தட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவான்.

அவன் கல்யாணக் கதையைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். கல்யாணப் பேச்சுக்காக அந்த வீட்டுக்கு நாங்கள் எல்லோரும் போயிருந்தோம். பெண் வந்து எதிரே உட்கார்ந்தாள். இவன் பெண்ணைப் பார்க்கவில்லை. அவள் தலைக்கு மேலே, அலமாரி உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே ஒரு மரப்பெட்டி இருந்தது. என் அம்மா தொடையைக் கிள்ளினாள். ம்ஹூம். எழுந்தான், நாற்காலியை இழுத்துப் போட்டான், செருப்பில்லாத காலோடு ஏறி நின்று பெட்டியைத் திறந்து பார்த்தான். சம்பந்தம் பேசப் போன வீட்டில்! எங்களுக்கு மானம் போயிற்று.

"இது தட்டு ஓடற கிராமபோன் இல்ல. இது போனோகிராப். மெழுகு உருளை ஓடறது" என்றான், நாற்காலி மேலிருந்தே.

பெண்ணின் அம்மாதான் விவரம் சொன்னார். "இவங்க அப்பாவோடது. தையல் மெஷின் ரிப்பேர் பண்றவர். எங்கேயோ பழைய சாமானோட வந்ததைச் சரி பண்ணி வச்சிருந்தார். இதுல நாமளே பேசிப் பதிஞ்சு வைக்கலாமாம். இவ கைக்குழந்தையா இருக்கறப்ப ஏதோ பேசி வச்சார். அப்புறம் அவரும் போயிட்டார், மெஷின் ஸ்பிரிங்கும் அறுந்து போச்சு. இவ அதைக் கேட்டதே கிடையாது. அப்பா குரலே இவளுக்குத் தெரியாது."

அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் அப்போதுதான் வாயைத் திறந்தாள். "அதைச் சரி பண்ண முடியுமாங்க?"

"ஒரு மாசம் போதும். நானே போட்டுக் காட்றேன்" என்றான் அண்ணன்.

"அப்ப சரி" என்றாள்.

பெரியவர்கள் அதற்கப்புறம் ஒரு மணி நேரம் என்னென்னவோ பேசினார்கள். பேசுவதற்கு என்ன மிச்சம் இருந்தது? இவன் பெட்டிக்காகக் கட்டிக்கொண்டான், அவள் உருளைக்காகக் கட்டிக்கொண்டாள். கண்டதும் காதல் என்று எங்கள் அத்தை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

சொன்ன மாதிரியே ஒரு மாசத்தில் ஸ்பிரிங்கை மாற்றி மெஷினை ஓட வைத்துவிட்டான். அதில் குறை சொல்ல முடியாது. உருளையைத் தகர டப்பாவிலிருந்து வெளியே எடுத்தான். தண்ணீர் டம்ளர் அளவுக்குத்தான் இருந்தது. பழுப்பு மெழுகு, அதன் மேல் நூல் சுற்றினாற்போலக் கோடு கோடாக. அண்ணி முகம் கழுவி, நல்ல துணி உடுத்திக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். நானும் இருந்தேன். இவன் உருளையை மாட்டப் போனவன், மாட்டாமல் அப்படியே டப்பாவுக்குள் வைத்து மூடிவிட்டான்.

"என்னாச்சுங்க?"

"நான் படிச்சேன். மெழுகு ரொம்ப மெத்து. ஒவ்வொரு தடவ போடறப்பவும் ஊசி கொஞ்சம் சுரண்டிக்கிட்டே போகும். போடப் போட உங்கப்பா தேஞ்சுக்கிட்டே போவார். இருக்கறதே ஒண்ணு. எடுத்தோம் கவுத்தோம்னு போட்டுடக் கூடாது. சரியான ஊசி கிடைக்கட்டும்."

சரியான ஊசி வந்தது. அப்போது வெயில் காலம், மெழுகு இளகிவிடும் என்றான். மழை வந்தது. ஈரம் ஆகாது, பூஞ்சை பிடிக்கும் என்றான். குளிர் வந்தது. விறைத்துப்போய் விரிசல் விடும் என்றான். கடவுள் இவனுக்காக இன்னொரு பருவத்தைப் படைத்தால்தான் உண்டு. அண்ணி முதல் வருஷம் கேட்டாள், கெஞ்சினாள், ஒருநாள் அழுதே விட்டாள். "என்னங்க, ஒரே ஒரு தடவ. அப்புறம் நான் கேக்கவே மாட்டேன்." இவன் அவளுக்குத் தலையைத் தடவிக் கொடுத்து, "நல்லதுக்கு அவசரப்படக் கூடாதும்மா" என்றான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் புனலைப் பிடுங்கி அவன் தலையில் கவிழ்க்கலாமா என்று இருந்தது.

"ஒரு தடவ போட்டு, டேப்ல பிடிச்சு வச்சுக்கயேன். அப்புறம் அதையே கேட்டுக்கட்டும்" என்றேன் நான்.

அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தான். "நகலா? அதுக்குப் போய் உன் கடையில ரேஷன் கார்டை எடு, போ. இந்த வீட்டுக்குள்ள டேப் ரெக்கார்டர் வரக் கூடாது" என்றான். வரவும் இல்லை.

அதன் பிறகு அண்ணி கேட்பதை நிறுத்திவிட்டாள். "பாத்தியா? அவளுக்கும் பக்குவம் வந்துடுச்சு" என்று அண்ணன் என்னிடம் பூரித்துப்போனான். எனக்கும் கொஞ்சம் ஆச்சரியம்தான். அண்ணி முகத்தில் முன்பு இருந்த அந்த ஏக்கம் இல்லை. காலையில் அண்ணனுக்குச் சாப்பாட்டை அடைத்துக் கொடுத்து, வாசல் வரை வந்து, சிரித்த முகமாக அனுப்பி வைப்பாள். அவன் தெருமுனை திரும்பியதும் மேலே கதவு சாத்திக்கொள்ளும். "கொஞ்சம் தையல் வேலை இருக்கு" என்பாள். மாடியில் கொரகொர என்று மெஷின் ஓடுவது என் ஜெராக்ஸ் மெஷின் சத்தத்துக்கு நடுவிலும் லேசாகக் கேட்கும். அப்பா தையல் மெஷின்காரர், மகளுக்கு அந்தக் கை வராமலா போகும் என்று நினைத்துக்கொள்வேன். ஆனால் அண்ணி தைத்து முடித்த சட்டை என்று ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. அதை யோசிக்க எனக்கு எங்கே நேரம் இருந்தது?

உருளைக்கு அண்ணன் போட்ட பாதுகாப்பைச் சொல்லவேண்டும். டப்பாவுக்குள் பஞ்சு, பஞ்சுக்குள் ஈரம் இழுக்கிற பொட்டலம், டப்பாவைச் சுற்றித் துணி, அது பீரோவின் மேல்தட்டில், பீரோவுக்குப் பூட்டு. தூசி, வெயில், ஈரம், பூஞ்சை, கரப்பான், விருந்தாளி, முக்கியமாக நான், எல்லோரிடமிருந்தும் அதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்தான். பூட்டின சாவியை மட்டும் அண்ணியிடம் கொடுத்துவிட்டான். "நீயே வச்சுக்க. என்கிட்ட இருந்தா தொலைச்சிடுவேன்" என்றான்.

இப்படியே வருஷங்கள் போயின. அண்ணனுக்குத் தலை நரைத்தது, எனக்கும்தான். இவனைப் போன்றவர்கள் ஊரில் நாலைந்து பேர் இருக்கிறார்கள் என்பதே எனக்கு வியப்பு. அவர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வேறு வைத்திருக்கிறார்கள். தொல்லொலி அன்பர் கழகம். மாசத்துக்கு ஒரு தடவை கூடி, இரும்பு ஊசி நல்லதா மூங்கில் ஊசி நல்லதா என்று அடித்துக்கொள்வார்கள். அதில் ரெண்டு பேருக்குள் பேச்சுவார்த்தையே கிடையாது, காரணம் மூங்கில். தலைவர், ஓய்வு பெற்ற மயக்க மருந்து டாக்டர். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு மயக்கினார், கழகத்தில் பேசியே அந்த வேலையைப் பார்க்கிறார்.

அந்தத் தலைவர் போன மாசம் வெளிநாட்டிலிருந்து ஒரு ஊசித்தலையை வரவழைத்துவிட்டார். இறகு கனம்தானாம். மெழுகுக்கு வலிக்கவே வலிக்காதாம். "தம்பி, இனிமே என்ன சாக்கு? உங்க மாமனார் உருளையை நம்ம கழகத்துல வச்சுப் போட்டுடுவோம். உலகத்துலயே யாரும் கேக்காத குரல்!" என்றார். அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. "முதல் ஒலிப்பு விழா" என்று தலைப்புப் போட்டு நோட்டீஸ் எழுதி என்னிடமே கொண்டு வந்தான். நூறு நகல் வேண்டுமாம். நகல்!

"அண்ணிக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"சொல்லணும். அவளும் வரட்டுமே, பின்னால நாற்காலி போட்டிருக்கு."

"பின்னாலயா? அவங்க அப்பா குரல்டா அது! முதல் நாற்காலியில உக்காரணும் அவங்க" என்று கத்தினேன். கடைக்கு வந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அன்று நானும் அவனோடு மேலே போனேன். விஷயத்தைச் சொன்னதும் அண்ணி முகத்தில் ஈயாடவில்லை. சந்தோஷத்தில் துள்ளுவாள் என்று நினைத்த எனக்குத் திக்கென்றது.

"வேணாமேங்க" என்றாள்.

"என்னது? அத்தனை தடவ கெஞ்சினவ, இப்ப வேணாங்கறியே!"

"அது வந்து… உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

அண்ணன் அதற்குள் ஒரு தட்டைப் போட்டுவிட்டிருந்தான், கையை உயர்த்தி "ஷ்ஷ்" என்றான். கிணற்று ஆசாமி பாட ஆரம்பித்தார். அண்ணி வாயை மூடிக்கொண்டாள். பாட்டு முடிந்ததும் "என்னமோ சொல்ல வந்தியே?" என்று கேட்பான் என்று பார்த்தேன். பின்பக்கத்தைப் போட்டான்.

விழா நாள் வந்தது. கழகத்தின் சின்ன ஹாலில் சாயங்கால வேளை. ஜன்னல்களை அடைத்து, ஃபேனை நிறுத்தி, எல்லோரும் வேர்த்து வழிந்துகொண்டு உட்கார்ந்திருந்தோம். தலைவர் ஆதியிலிருந்து ஆரம்பித்தார். மனிதன் எப்போது பேசினான், எப்போது பதிவு செய்தான், ஏன் செய்தான். முன்வரிசையில் ஒருத்தர் குறட்டையே விட்டார். அண்ணி என் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் அண்ணன் உருளையை எடுத்தான். குழந்தையைத் தொட்டிலில் இடுகிற மாதிரி மாட்டினான். கைப்பிடியைச் சுற்றினான். ஊசித்தலையை இறக்கினான். மூச்சு விடுகிற சத்தம்கூட இல்லை.

கொர்ர்ர்ர் என்றது.

இதோ வரும் என்று எல்லோரும் புனலையே பார்த்தோம். கொர்ர்ர்ர். ஒரு இடத்தில் டொக் என்றது. மறுபடி கொர்ர்ர்ர். அவ்வளவுதான். முடிந்துவிட்டது.

ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். அப்புறம் தலைவர் மெதுவாகக் கைதட்டினார். "அபாரம்! பின்னணியில அந்தக் குரல் எப்படி உயிரோட நிக்குது பாத்தீங்களா?" என்றார்.

"ஆமா, கனமான குரல்" என்றார் மூங்கில்காரர்.

"ஒரு பாட்டு கூட முணுமுணுத்தாரே?" என்றார் இரும்புக்காரர். பல வருஷத்துக்கப்புறம் அந்த ரெண்டு பேரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனதை அன்றுதான் பார்த்தேன். குறட்டை விட்டவர் எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லோரும் தட்டினார்கள்.

அண்ணன் மட்டும் தட்டவில்லை. விரலைப் பொய்யாய்த் தூக்குகிறவர்களை ஆயுசு முழுக்கப் பார்த்தவன் அவன். ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். பிறகு பூதக்கண்ணாடியை எடுத்து உருளையின் மேல் குனிந்தான். நிமிர்ந்தபோது பேயறைந்த மாதிரி இருந்தான். டீயும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். தொடாமல் கிளம்பிவிட்டான்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் வெடித்தான். "அது வெறும் உருளை இல்ல. அதுல பதிஞ்சிருக்கு. ஆனா தேஞ்சிருக்கு! கோடெல்லாம் வழவழன்னு ஆகிற அளவுக்கு யாரோ ஓட்டியிருக்காங்க!" என்னைப் பார்த்து விரலை நீட்டினான். "நீதானே? கீழ உக்காந்துகிட்டு, நான் கடைக்குப் போனதும் மேல வந்து நகல் எடுக்கறேன்னு…"

"அடப்பாவி!" என்று நான் ஆரம்பித்தேன். பல வருஷத்துப் பாக்கியை எல்லாம் அங்கேயே கொட்டியிருப்பேன்.

"நான்தாங்க" என்றாள் அண்ணி.

கைப்பையைக் கீழே வைத்தாள். பெஞ்சில் உட்கார்ந்தாள். "அவளைத் திட்டாதீங்க. நான்தான் போட்டேன்."

அண்ணனுக்குப் புரியவில்லை. "எப்ப?"

"நான் எவ்வளவு கேட்டாலும் நீங்க சாகற வரைக்கும் போட மாட்டீங்கன்னு தெரிஞ்சு போன அன்னிக்கு. சாவியை என்கிட்டதானே குடுத்தீங்க. நீங்க மெஷினை ஓட்டறதைப் பாத்துப் பாத்துக் கத்துக்கிட்டேன். நீங்க கடைக்குப் போனதும், சமையலை முடிச்சுட்டு, கதவைச் சாத்திட்டு."

மாடியில் ஓடிய அந்தத் தையல் மெஷின்! என் தலையில் நானே அடித்துக்கொண்டேன்.

"எத்தனை தடவ?" என்றான் அண்ணன்.

"தேயற வரைக்கும்."

அவன் சுவரில் சாய்ந்துவிட்டான்.

"முதல்ல தினமும் போட்டேன். அப்புறம் குரல் சன்னமாயிட்டே வந்துச்சு. பயந்துட்டேன். மனசு கஷ்டமா இருக்கற அன்னிக்கு மட்டும்னு வச்சுக்கிட்டேன். அந்த மாதிரி நாளும் குறையலை" என்று அவனைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். "இவ போன் வாங்கிக் குடுத்தாளே, அதுல பிடிச்சு வைக்கலாம்னு பாத்தேன். அதுக்குள்ள அப்பா போயிட்டார். வெறும் கொர்ருதான் பதிஞ்சது. அதுக்கப்புறமும் போட்டுக்கிட்டுதான் இருந்தேன். அந்தக் கொர்ருல எந்த இடத்துல என்ன வரும்னு எனக்குத் தெரியும் இல்ல?"

"ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை?"

"சொல்ல வந்தேன். நிறைய தடவ. போன வாரம்கூட. நீங்க 'ஷ்ஷ்'னீங்க."

'ஷ்ஷ்' சொன்ன வாயை அண்ணன் கையால் பொத்திக்கொண்டான். எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. பாவமாக இருந்தது. ஒரு குரலைத் தேயக் கூடாது தேயக் கூடாது என்று பாதி ஆயுசு கட்டிக் காத்து, கடைசியில் ஒரு தடவைகூடக் கேட்காமல் போனவன் ஊரிலேயே இவன் ஒருத்தன்தான்.

கொஞ்ச நேரம் கழித்து, எதிரே இருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் முன்னால் உட்கார்ந்தான். "அதுல என்ன இருந்துச்சு?" என்று கேட்டான்.

அண்ணி தொண்டையைக் கனைத்துக்கொண்டாள். முதலில் வாயாலேயே கொர்ர்ர் என்றாள். நான் சிரிக்கப் போனேன். அப்புறம் அவள் குரல் மாறியது. எங்கேயோ தள்ளி நின்று, ஒரு புனலுக்குள் தலையை நுழைத்துக்கொண்டு, கொஞ்சம் கூச்சத்தோடு கத்துகிற ஒரு ஆம்பிளையின் பேச்சாக ஆனது.

"கேக்குதா? ஹலோ, கேக்குதா? ஓடுதா இது? ஓடுது, ஓடுது. பாப்பாவைக் கொண்டா இங்க. பாப்பா, இதுல ஏதாவது பேசு. அட, இது கடிக்காதுடா. நான் இருக்கேன்ல. அழாத. சரி, அழு. அதுவும் பதியட்டும், பெரியவளானா கேப்பா." கொஞ்சம் இடைவெளி விட்டாள். டொக் என்றாள். உருளையில் விரிசல் இருந்த இடம். பிறகு தூரத்தில் ஒரு பெண் குரல். "மழை வருதுங்க, துணியை எடுங்க!" மறுபடி அந்த ஆம்பிளை. "எடுக்கறேன், எடுக்கறேன். ஒரு நிமிஷம். பாப்பா, அப்பா துணி எடுத்துட்டு இதோ வந்துடறேன், என்ன?" கொர்ர்ர்ர். முடிந்தது.

இதுதான் உலகத்திலேயே யாரும் கேட்காத குரல். நான் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டேன். கழகத்தார் சொன்ன கனமான குரலும் இல்லை, பாட்டும் இல்லை. ஒரு மனுஷன் துணி எடுக்கப் போனான், அவ்வளவுதான்.

அண்ணனைப் பார்த்தேன். ஸ்டூலில் உட்கார்ந்தவன், எப்போது என்று தெரியவில்லை, வலது கை ஆள்காட்டி விரலைத் தூக்கி வைத்திருந்தான். கண்ணாடி அறைக்குள் உட்காருகிற பெரியவர்கள் மாதிரி. அதைத் தூக்கியிருப்பதே அவனுக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். முகம் முழுக்க நனைந்திருந்தது.

"இன்னொரு தடவ சொல்றியா?" என்றான்.

அண்ணி அவனையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "தேஞ்சிடுமேங்க" என்றாள்.

"தேயட்டும்."

அறையில் புழுக்கம் தாங்கவில்லை. பழக்கதோஷம், நான் ஃபேனைப் போடலாமா என்று கேட்கவே பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். அவனே எழுந்து போய்ப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தான். அண்ணி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.